படத்தின் பின்புறம்

(பொல்பிட்டியவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆவணப் புகைப்படத்தை அரசியலிலிருந்து பிரித்துவைக்க முடியுமா என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முடியாது என்பது என் முடிவு. உங்களைக் காக்க வைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு படத்தில் அரசியல் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். அந்தத் தேடலில்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

என் அம்மா கொழுந்து எடுத்தவர். நான் ஏழாம் வகுப்புப் படித்த வருடம், ஒருநாள் பின்னேரம், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவரைப் பாதையில் நிறுத்தினார்கள். கேமராவோடு இரண்டு பேர், கூடவே தோட்டத்து ஆள் ஒருவர். பக்கத்து மலையில் ஏறி நிற்கச் சொன்னார்கள். வெறுங்கூடையைத் திரும்பவும் தலையில் மாட்டச் சொன்னார்கள். இரண்டு கையிலும் இலையை அள்ளி முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துச் சிரிக்கச் சொன்னார்கள். அந்த மலையில் கொழுந்து எடுத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. துளிருக்கு எங்கே போவது? கைக்கு எட்டிய முற்றிய இலையைப் பிடுங்கிக்கொண்டு நின்றார்.

பல வருடங்களுக்குப் பிறகு, கொழும்பில் ஒரு அலுவலகச் சுவரில் அந்தப் படத்தை நாட்காட்டியில் பார்த்தேன். கீழே, இலங்கையில் தேயிலை பறிக்கும் பெண் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. கேட்டு வாங்கி அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையைத்தான் பார்த்தார். "இந்த எலையக் கூடையில போட்டிருந்தா கணக்கப்புள்ள கூடையையே கவுத்திருப்பாரு" என்றார்.

நாட்காட்டியை மாட்டியவர்களுக்கு அது அழகான படம். எங்கள் லயத்து மனிதர் எவருக்கும் அது பொய்யென்று ஒரே பார்வையில் தெரியும். இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் அந்த முற்றிய இலையிலும், அதன் கீழே இருந்த பெயரில்லாத வரியிலும் அடங்கும்.

இங்கிருந்து அட்டன் போய் நோர்வூட் வழியே பொகவந்தலாவை போனால், சென் மேரிஸ் தேவாலயத்து மயானத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. ஜூலியா மார்கரட் கமரனும் அவர் கணவர் சார்ள்ஸ் ஹே கமரனும் அங்கே கிடக்கிறார்கள். உலகப் புகைப்பட வரலாற்றை எழுதும் யாரும் அந்த அம்மாவை விட்டுவிட்டு எழுத முடியாது. 1875இல் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்தார். 1879இல் இங்கேயே இறந்தார். கணவர் யார் தெரியுமா? கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் கமரன் அவர்தான். 1830களின் தொடக்கத்தில் இந்தத் தீவின் நீதிமன்றங்களையும் நிர்வாகத்தையும் மாற்றி எழுதியவர்களில் ஒருவர். இராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பு முறை ஒழிந்தது அந்த ஆணைக்குழுவின் சிபாரிசால். பிறகு அவரே இங்கே கோப்பித் தோட்டங்களுக்குச் சொந்தக்காரர் ஆனார். ஆட்சியைத் திருத்தியவர் கணவர், படம் எடுத்தவர் மனைவி, சோறு போட்டது தோட்டம். புகைப்படமும் அரசியலும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்திய வீடு அது.

அந்த அம்மா இங்கிலாந்தில் எடுத்த படங்களில் டெனிசன் இருக்கிறார், டார்வின் இருக்கிறார், ஹெர்ஷல் இருக்கிறார். அவர்களை விடுங்கள், பெரிய மனிதர்கள். அவர் வீட்டில் வேலை செய்த மேரி ஹில்லியர் என்ற பெண்ணை மரியன்னையாக நிறுத்திப் பல படங்கள் எடுத்தார். அந்த வேலைக்காரியின் பெயரும் இன்றுவரை தெரிகிறது. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். அவற்றில் கிராமத்து மனிதர்கள், தோட்டத்துத் தொழிலாளர்கள், இளம் பெண்கள் இருக்கிறார்கள். கண்ணில் ஒளி தெறிக்கும் அருமையான படங்கள். களுத்துறையில் அவர் வீட்டில் விருந்தாளியாக வந்து தங்கிய ஓவியர் மரியான் நோர்த்துக்குப் பெயர் இருக்கிறது. நம் ஆட்கள் பெரும்பாலும் 'களுத்துறைக் குடியானவர்கள்', 'இளம்பெண், இலங்கை' என்ற அளவோடு நிற்கிறார்கள். கமரன் அம்மா இரக்கமில்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன், அந்தப் படங்களில் இரக்கம் இருக்கிறது. பெயர் கேட்க வேண்டும் என்றுதான் தோன்றவில்லை. தோன்றாமல் போனதற்குக் காரணம் அவர் மனசில் இல்லை, அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் இருக்கிறது. அந்த இடத்துக்குப் பெயர்தான் அரசியல்.

அதே வருடங்களில் கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற இராணுவ அதிகாரி பட்டினியில் எலும்பாகிப்போனவர்களைக் குடும்பம் குடும்பமாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். அந்தப் பஞ்சத்திலிருந்து தப்பிய ஆயிரமாயிரம் பேர் கடல் தாண்டி இந்த மலைக்கு ஏறினார்கள். ஹூப்பரின் கேமரா முன்னால் உட்கார்ந்தவர்களும் கமரன் அம்மாவின் கேமரா முன்னால் நின்றவர்களும் ஒரே ஊர்க்காரராக, ஏன், உறவுக்காரராகக்கூட இருந்திருக்கலாம். கண்டுபிடிக்க வழியில்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் பெயர் இல்லை. ஹூப்பரின் படங்களை அன்று வேறு காரணத்துக்காகப் பார்த்தார்கள். இன்று அதே படங்களை வெள்ளைக்காரன் ஆட்சிக்கு எதிரான சாட்சியாக நாம் நீட்டுகிறோம். படம் அதே படம்தான், அதைப் பிடித்திருக்கும் கை மாறிவிட்டது.

இதற்குப் பிறகு ஐம்பது அறுபது வருடத்துக்கு நம்மை எடுத்த படங்களுக்குக் குறைவே இல்லை. ஸ்கீன், ஸ்கோவன், பிளேட் என்று கொழும்பிலும் கண்டியிலும் ஸ்டூடியோக்கள் வைத்திருந்தவர்கள் கொழுந்து மலையை விதவிதமாக எடுத்து விற்றார்கள். தபால் அட்டைகளாக அவை உலகமெல்லாம் போயின. அவற்றைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. விற்பனைக்கு எடுத்த படம், விற்றார்கள்.

'ஆவணப் படம்' என்று தன்னைச் சொல்லிக்கொண்டு வந்த ஒன்றைப் பற்றித்தான் பேச வேண்டும். 1934இல் பேசில் ரைட் இயக்கி, ஜோன் கிரியர்சன் தயாரித்த 'சோங் ஒஃப் சிலோன்'. ஆங்கிலத்தில் ஆவணப்படத்துக்கு 'டொகியுமென்டரி' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இந்தக் கிரியர்சன்தான். படத்துக்குக் குரல் கொடுத்தவர் நம் நாட்டின் பெரும் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட். மறுவருடம் பிரசல்ஸ் படவிழாவில் பரிசு வாங்கியது. அழகில் அதற்கு இணை சொல்வது கடினம், நானே பலமுறை பார்த்திருக்கிறேன். பணம் போட்டது யார்? இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. பெயரிலேயே பிரசாரம் இருக்கிறது, ஒளிவு மறைவு இல்லை. படத்தில் வியாபாரத்தின் குரல்கள் என்று ஒரு பகுதி வருகிறது, சந்தை விலை பேசும் குரல்கள் கேட்கின்றன. கொழுந்து எடுத்தவளின் குரல் கேட்கவில்லை. அவள் என்ன கூலி வாங்கினாள், துரை எப்படி நடத்தினான், கங்காணிக்கு எவ்வளவு கடன் என்று கேட்டிருந்தால், தேயிலைச் சபை பணம் கொடுத்திருக்குமா? கலை உயர்ந்தது என்பதால் பணம் போட்டவன் விருப்பம் படத்தை விட்டுப் போய்விடாது.

இதே கதை அமெரிக்காவிலும் உண்டு. 1936இல் கலிபோர்னியாவில் பட்டாணி பிடுங்கப்போன கூலிக் குடும்பம் ஒன்றை டொரதியா லாங் படம் எடுத்தார். பிள்ளைகள் இரண்டு பக்கமும் முகம் புதைத்துச் சாய்ந்திருக்க, கன்னத்தில் கை வைத்த தாய். அரசாங்க நிறுவனம் ஒன்றுக்காக எடுத்த படம். அது வெளியானதும் அந்த முகாமுக்கு அரசாங்கம் 20,000 இறாத்தல் உணவு அனுப்பியது. அந்தத் தாயின் குடும்பம் அதற்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டது. லாங் அவர் பெயரைக் கேட்கவில்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற பெயரும், அவர் செரோக்கி இனப் பழங்குடிப் பெண் என்பதும் 40 வருடங்களுக்குப் பிறகே உலகத்துக்குத் தெரிந்தன. தன் முகத்தை வைத்துத் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் மனம் நொந்து பேசினார்.

அதே லாங்கை 1942இல் அதே அரசாங்கம் இன்னொரு வேலைக்கு அனுப்பியது. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை வீட்டை விட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்ததைப் பதிவு செய்யச் சொன்னது. அவர் உள்ளதை உள்ளபடி எடுத்தார். இராணுவம் அந்தப் படங்களைப் பூட்டி வைத்துவிட்டது. கண் ஒன்று, கேமரா ஒன்று, சம்பளம் கொடுத்த அரசாங்கமும் ஒன்று. முதல் படம் அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது, தபால்தலை வரைக்கும் போனது. இரண்டாவது தேவைப்படவில்லை, அலுமாரிக்குள் போனது. புகைப்படக்காரர் நடுநிலையாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். அவர் நடுநிலையாக இருக்கலாம், அந்த அலுமாரிச் சாவி நடுநிலையாக இருக்காது.

சரி, நம் மலைக்குத் திரும்புவோம். 1973இல் பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சி 'வேர்ல்ட் இன் ஆக்‌ஷன்' நிகழ்ச்சியில் நம் தோட்டங்களைக் காட்டியது. வெள்ளைக்காரக் கம்பனிகள் இன்னும் தோட்டங்களை வைத்திருந்த காலம். தாங்கள் காலையில் குடிக்கும் தேத்தண்ணிக்குப் பின்னால் இருக்கும் பட்டினியை அந்த நாட்டு மக்கள் தங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தபடி பார்த்தார்கள். கம்பனிகள் பதில் சொல்ல வேண்டி வந்தது. அடுத்து வந்த பஞ்ச மாதங்களை இந்த மண்டபத்தில் இருக்கும் வயதானவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. அது நமக்கு நன்மையாக முடிந்ததா என்பது தனிக் கதை, அது பெரும்பாலும் கண்ணீர்க் கதை.

அந்தக் கிரனாடா படத்துக்கு நான் நன்றியுள்ளவன். ஆனால் நாம் இந்த நாட்டுக்கு வந்த இந்த இருநூறு வருடத்தில் நம்மை வைத்து எடுத்த படங்களையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் இரண்டு கட்டுகள்தான் தேறும். ஒன்று சிரிப்பு, இன்னொன்று எலும்பு. சிரித்தால் தேயிலை விற்கும், எலும்பு தெரிந்தால் இரக்கம் வரும். காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக் களத்தில் துரையோடு வாதாடி நிற்கும் பெண், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் தகப்பன், காமன் கூத்தில் வேஷம் கட்டும் முன் கண்ணாடி பார்க்கும் பொடியன், இவர்களெல்லாம் இரண்டு கட்டுக்குள்ளும் அடங்காதவர்கள். அதனால் அவர்களை எடுக்க ஆள் வரவில்லை.

பெயரோடு நம்மைப் படம் எடுத்த இடம் ஒன்று உண்டு. அது அரசாங்கத்தின் விண்ணப்பப் படிவம்.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்தார்கள். அங்கே போவதற்கும் படம் வேண்டும், இங்கே இருப்பதற்கும் படம் வேண்டும்.

என் அப்பாயி தன் வாழ்நாளில் ஒரேயொரு படம்தான் எடுத்துக்கொண்டார். இந்தியக் கடவுச்சீட்டுக்காக, அட்டனில் ஒரு ஸ்டூடியோவில். பக்கத்துக் காம்பிராவில் இரவல் வாங்கிய சேலை. நேராகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், பார்க்கிறார். சிரிக்கச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து அவரைப் படமாக எடுத்தவர்கள் அவர் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டது அந்த ஒருமுறைதான், அதுவும் நாட்டைவிட்டு அனுப்புவதற்காக. அப்பாயி, ஒப்பாரிக் கோச்சி என்று நாங்கள் சொல்லும் அந்த அழுகை ரயிலில் ஏறித் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறினார். தாத்தாவின் புதைகுழி இந்த மலையில், அவருடையது தமிழ்நாட்டில். அந்தக் கடவுச்சீட்டுப் படத்தில் கொடி இல்லை, கோஷம் இல்லை, பின்னால் வெள்ளைத் துணிதான் தொங்குகிறது. நான் பார்த்த படங்களிலேயே மிக அரசியலான படம் அது.

கட்சி அரசியலைப் படத்துக்குள் கொண்டுவரலாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாமே அரசியல் என்று சொல்லிவிட்டால், என் அம்மாவை மலையேற்றிச் சிரிக்க வைத்தவரும், உள்ளதை உள்ளபடி எடுத்தவரும் ஒன்றாகிவிடமாட்டார்களா? ஆகமாட்டார்கள். முற்றிய இலை முற்றிய இலைதான். அரசியல் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறவனுக்குத்தான் உண்மையில் கூடுதல் கண்டிப்பு வேண்டும். இதில் நம் ஆட்களுக்கும் பங்குண்டு. நம் தொழிற்சங்கக் கூட்டப் படங்களைப் பாருங்கள். தலைவர் கழுத்து மாலையில் ஒவ்வொரு பூவும் தெளிவாகத் தெரியும், பின்னால் சந்தாக் கட்டிய ஆயிரம் முகங்கள் கலங்கிப்போயிருக்கும். வெள்ளைக்காரன் மட்டும்தானா பெயர் கேட்காதவன்?

1983 யூலைக் கலவரத்தின்போது பொறளை பஸ் நிலையத்தில், சுற்றிலும் கும்பல் நின்று ஆட, உடுதுணி உரியப்பட்டுக் குந்தியிருந்த தமிழ் இளைஞனின் படத்தை எடுத்தவர் சந்திரகுப்த அமரசிங்க. சிங்களவர், கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையான 'அத்த'வில் வேலை செய்தவர். கட்சிக்காரர் எடுத்த படம் என்று அதைத் தள்ளிவிட முடியுமா? அந்த இரவில் அங்கே நின்று கேமராவைத் தூக்கும் துணிவு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறேன். அரசியல் வேண்டாம் என்று ஒதுங்கியவர்களிடமிருந்து அப்படியொரு படம் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த இளைஞனின் பெயரோடு அந்தப் படம் அச்சானதை நான் பார்த்ததில்லை. அங்கே பெயரைக் காட்டாமல் விடுவதும் ஒருவகைப் பாதுகாப்புத்தான். ஆகவே பெயரைப் போட்டே ஆகவேண்டும் என்று நான் சட்டம் போடவில்லை. கேளுங்கள் என்கிறேன். போடவேண்டாம் என்று அவர் சொன்னால் விடுங்கள், அதைச் சொல்லும் உரிமை அவருடையது.

இந்த ஊரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. கீழே இறங்கினால் கித்துல்கல. 'குவாய் நதிப் பாலம்' படத்துக்காகக் களனி கங்கைக்குக் குறுக்கே பாலம் கட்டி 1957இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன் அடித்தளத்தைப் பார்க்க இன்றும் உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். அது கதைப்படம், ஆவணமல்ல, எனக்குத் தெரியும். ஆனால் ஜப்பானியர் போட்ட அந்தச் சயாம் மரண ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். படத்தில் வெள்ளைக்காரக் கைதிகள் சீட்டியடித்துக்கொண்டு நடக்கிறார்கள். அந்தத் தமிழர்களின் கதை அதில் இல்லை. தோட்டத் தமிழன் வாழும் மலைக்கு அடியிலேயே அந்தப் பாலத்தைக் கட்டிவிட்டு, தோட்டத் தமிழனை அதில் விட்டுவிட்டார்கள்.

மேலே ஏறினால் மஸ்கெலியா. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் பழைய டவுன் மூழ்கிக் கிடக்கிறது. கடும் வெயில் வருடங்களில் தண்ணீர் வற்றும்போது சேற்றிலிருந்து பழைய கோயில் தலைகாட்டும், உடனே கேமராக்கள் வந்துவிடும். தண்ணீரிலிருந்து எழுந்த கோயில் என்று தலைப்புப் போடுவார்கள். மவுசாகலைத் தண்ணீரும் காசல்ரீத் தண்ணீரும் மின்நிலையம் மின்நிலையமாக இறங்கி, லக்ஷபான குளத்தில் சேர்ந்து, கடைசியில் நம் பொல்பிட்டிய டர்பைனைத்தான் சுழற்றுகின்றன. 1969இலிருந்து இங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். கம்பி எங்கள் லயத்துக் கூரைக்கு மேலே போனது. நான் சாதாரணதரப் பரீட்சைக்குக் குப்பி விளக்கில் படித்தேன். கோயிலை எடுக்கிறவர் திரும்பி நின்று அந்தக் கம்பியையும் கூரையையும் ஒரே சட்டத்துக்குள் எடுத்தால் அது அரசியல் படம் என்பார்கள். கோயிலை மட்டும் எடுத்தால் இயற்கைக் காட்சி என்பார்கள். எங்கே திரும்பி நிற்பது என்பதை எடுப்பவர்தான் தீர்மானிக்கிறார். அதைத் தவிர்த்து ஒரு படம் எடுக்க எவராலும் முடியாது.

2023இல் அந்த இருநூறு வருடத்தை நினைவுகூர்ந்த மலையகம் 200 நடைப்பயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு வந்தபோது நானும் கொஞ்சத் தூரம் நடந்தேன். இளம்பிள்ளைகள் போனில் படம் எடுத்துக்கொண்டே நடந்தார்கள். அதில் ஒரு பிள்ளை, வயதான ஒரு பெண்ணைப் படம் எடுத்துவிட்டு, "ஆயா, ஒங்க பேரு என்ன, எந்தத் தோட்டம்?" என்று கேட்டு, போனிலேயே தட்டி வைத்துக்கொண்டாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வீட்டுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து படங்களை வெளியே எடுங்கள். கடவுச்சீட்டுப் படம், ஆளடையாள அட்டைக்கு எடுத்ததில் மிஞ்சிய படம், கல்யாணப் படம், செத்த வீட்டுப் படம், எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வையுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே இது யார், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த வருடம் என்று கேளுங்கள். கேட்டதைப் படத்தின் பின்புறம் எழுதுங்கள். பேனையால் எழுதவேண்டாம், மை ஊறி முகத்தில் தெரியும். மென்மையான பென்சில் எடுத்து, ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள்.